‘இடமில்லை’ என்று சொல்லி அழிப்பவர்களுக்கு

இது நீண்ட பதிவு. ஆய்வு மாணவர்களும், துறைகளில் முடிவெடுக்கும் இடத்தில் இருக்கும் பேராசிரியர்களும் இறுதிவரை வாசிக்க வேண்டுகிறேன்.

பெங்களூர் மர்பி டவுனில் ஒரு குறுக்குத் தெருவில் வசிக்கும் பெரியம்மா ஒருவர் சென்ற மாதம் என்னிடம் ஒரு புகைப்படத்தின் பிரதியைக் கேட்டார். அவருடைய தந்தையார் தெருப்பிள்ளைகளுக்கு இரவுப்பள்ளி நடத்திய காலத்தில் எடுத்த படம் அது. ஒரு அரிக்கேன் விளக்கு, சுவரில் சாய்த்த கரும்பலகை, தரையில் அமர்ந்திருக்கும் பதினேழு பிள்ளைகள், ஓரத்தில் கைகட்டி நிற்கும் மெலிந்த மனிதர். அந்த மனிதருடைய முகம் பதிவான ஒரே படம் அதுதான். மூன்றாண்டுகளுக்கு முன் அவர் வீட்டுத் திண்ணையில் வைத்து அதை ஸ்கேன் செய்தேன். பேரனின் திருமணத்தின்போது அதைச் சட்டமிட்டு மாட்ட வேண்டும் என்பது அவர் விருப்பம்.

மூலப்படம் இப்போது இல்லை. ஒரு மழைக்காலத்தில் சாக்கடைத் தண்ணீர் வீட்டுக்குள் புகுந்து தகரப்பெட்டி ஊறிப்போனது. பெட்டியைத் திறந்தபோது படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகியிருந்தன. அப்போதுகூட அவர் பெரிதாகக் கலங்கவில்லையாம். “கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்குன்னு நீதானே சொன்ன, கண்ணு?” என்று கேட்டார்.

சொன்னேன். அது இப்போது கம்ப்யூட்டரிலும் இல்லை. தண்ணீருக்குத் தப்பிய அந்த முகம், நான் ஆய்வு செய்யும் நிறுவனத்தின் சர்வரில் ஒரு பெரிய கோப்புறை அழிக்கப்பட்டபோது போயிற்று. நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. பெயர் தெரிந்தால் அங்கே மட்டும் நடந்த தவறு என்று மற்றவர்கள் நிம்மதியடைந்துவிடுவார்கள். இதை வாசிக்கும் பலரின் துறையிலும் இதே சர்வர், இதே கோப்புறை, இதே அலட்சியம் இருக்கக்கூடும்.

நடந்தது இதுதான். துறையின் பொதுச் சேமிப்பகம் நிரம்பிவிட்டது. பத்தாண்டுகளுக்கும் மேலாக வந்துபோன ஆய்வாளர்களின் தரவுகள் அனைத்தும் ஒரே பெரிய கோப்புறைக்குள் கிடந்தன. களப்பதிவுகள், ஸ்கேன் செய்த பக்கங்கள், பகுப்பாய்வு நிரல்கள் கக்கிய இடைநிலைக் கோப்புகள், யாரோ இறக்கி வைத்த திரைப்படங்கள் எல்லாம் அதில் அடக்கம். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, “பயன்பாட்டில் இல்லாத தரவுகள் நீக்கப்படும்” என்ற இரண்டு வரி மின்னஞ்சல், அலுவலக முகவரிப் பட்டியலில் உள்ளவர்களுக்குப் போயிற்று. பதிவுக்காலம் முடிந்தவர்களும் களத்தில் இருந்தவர்களும் அந்தப் பட்டியலில் இல்லை. பதினைந்து நாள் கழித்து அழிக்கும் கட்டளை இடப்பட்டது. கோப்புகள் பல லட்சம் என்பதால் அது ஓடி முடிக்க மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளில் ஒருநாள் நான் மர்பி டவுனில் வேறொரு வீட்டில் உட்கார்ந்து, ஒரு திருமண அழைப்பிதழின் மடிப்பை நீவி ஸ்கேன் செய்துகொண்டிருந்தேன். மாலையில் அதைச் சர்வரில் ஏற்றலாம் என்று நினைத்திருந்தேன்.

எனக்குப் போனவை முப்பத்தெட்டாயிரத்துச் சொச்சம் கோப்புகள். முதலிரண்டு ஆண்டுத் தரவுகளின் நகல் என்னிடம் உண்டு. மற்றவை இல்லை. என் பங்குத் தவறைப் பின்னால் எழுதுகிறேன்.

இந்த மூன்று நாளைப் பற்றிக் கொஞ்சம் விளக்க வேண்டும். கணினியில் அழித்தல் என்பது கண்ணிமைப்பில் முடிகிற செயல் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். தனிக்கோப்புக்கு அது சரி. கோப்புறை என்பது உண்மையில் பெயர்களின் அட்டவணை. ஒவ்வொரு பெயரும் வட்டில் தரவு இருக்கும் இடத்தைக் காட்டும் ஒரு பதிவைச் சுட்டுகிறது. அழிக்கும்போது பெயர் அடிக்கப்படுகிறது, பதிவு விடுவிக்கப்படுகிறது, தரவு இருந்த இடம் ‘காலி’ என்று குறிக்கப்படுகிறது. பழைய வகை வன்தட்டில் தரவு உடனே மறைவதும் இல்லை. வேறொன்று அதன்மேல் எழுதப்படும்வரை அங்கேயே கிடக்கிறது. அதனால்தான், தவறு தெரிந்தவுடன் எழுதுவதையெல்லாம் நிறுத்தினால் சிலவற்றையாவது மீட்க முடிகிறது.

ஆனால் லட்சக்கணக்கான சிறு கோப்புகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் இந்தக் கணக்கு வழக்கு தனித்தனியே நடந்தாக வேண்டும். ஒரு பெரிய கோப்பை அழிப்பது எளிது. அதே அளவு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் பத்து லட்சம் சிறு கோப்புகளை அழிப்பது மணிக்கணக்கான, சில சமயம் நாட்கணக்கான வேலை. கோப்புப் பெயர்களையெல்லாம் ஒரே கட்டளைக்குள் அடுக்கிக் கொடுத்தால், பட்டியல் மிக நீளம் என்று இயங்குதளமே மறுத்துவிடுவதும் உண்டு. அதைச் சுற்றிச் செல்லக் கணினி நிர்வாகிகள் கைக்கொள்ளும் வழிகளுள் ஒன்று என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. காலியான ஒரு கோப்புறையைப் புதிதாக உருவாக்குவார்கள். நகலெடுக்கும் மென்பொருளிடம், “இந்தக் காலிக் கோப்புறையை மூலமாகக் கொண்டு, அந்தப் பெரிய கோப்புறையை இதைப் போலவே ஆக்கு” என்பார்கள். மூலத்தில் எதுவும் இல்லையாதலால், மென்பொருள் மறுபக்கத்தில் உள்ள அனைத்தையும் நீக்கித்தள்ளும். காப்புநகல் எடுக்க வேண்டிய கருவியே வெறுமையை நகலெடுக்கிறது. தொழில்நுட்ப அளவில் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை; விரைவான வழி என்றே சொல்கிறார்கள். என் கேள்வி வேறு. அழிப்பதை விரைவுபடுத்த இத்தனை யோசிக்கிறவர்கள், எதை அழிக்கிறோம் என்று பார்க்க அரை நாள் செலவிட்டார்களா?

உலகில் இதைவிடப் பெரிய இழப்புகள் நடந்திருக்கின்றன. 2021 டிசம்பர் 14 முதல் 16 வரை, ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக மீக்கணினிச் சேமிப்பகத்திலிருந்து ஏறத்தாழ 77 டெராபைட் ஆய்வுத் தரவு அழிந்தது. கோப்புகளின் எண்ணிக்கை சுமார் 3.4 கோடி. பாதிக்கப்பட்ட ஆய்வுக் குழுக்கள் 14. அவற்றுள் 4 குழுக்களின் தரவைக் காப்புநகலிலிருந்து மீட்க வழியில்லை என்று அறிவிக்கப்பட்டது. இதில் கசப்பான வேடிக்கை ஒன்று உண்டு. அழித்தது காப்புநகல் எடுக்கும் நிரல். பத்து நாளுக்கு மேற்பட்ட பழைய இயக்கப் பதிவுகளை நீக்குவதற்காக அதில் ஒரு கட்டளை இருந்தது. நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே திருத்திய நிரலை அதன்மேல் எழுதிவிட்டார்கள். பாதியிலிருந்து புதிய நிரலைப் படித்த கணினிக்கு, எந்தக் கோப்புறையில் நீக்க வேண்டும் என்ற மதிப்பு கிடைக்கவில்லை. பழைய பதிவுகளை நீக்க வேண்டிய கட்டளை ஆய்வாளர்களின் கோப்புகளை நீக்கத் தொடங்கிற்று.

பிழை எங்கும் நேரும். அதன்பின் அவர்கள் செய்ததைப் பாருங்கள். எத்தனை கோப்பு, எத்தனை குழு, என்ன காரணம் என்று பல்கலைக்கழகம் வெளிப்படையாக அறிவித்தது. அமைப்பை வழங்கிய ஹியூலட் பேக்கர்டு என்டர்பிரைஸ் நிறுவனத்தின் ஜப்பான் கிளை, பிழை முழுவதும் தன்னுடையது என்று எழுத்தில் ஒப்புக்கொண்டது. இழந்தவர்கள் தாம் எதை இழந்தோம் என்பதையாவது தெரிந்துகொண்டார்கள். என் துறையில் எத்தனை கோப்புகள் போயின என்று கேட்டேன். “பழைய டேட்டாதானே” என்று பதில் வந்தது. எண்ணிக்கை இன்றுவரை யாருக்கும் தெரியாது. அவர்களிடம் நடந்தது விபத்து. நம்மிடம் நடந்தது முடிவு. விபத்துக்கு அறிக்கை வெளியிட்டார்கள். முடிவுக்கு நம்மிடம் ஒரு கோப்புக் குறிப்புகூட இல்லை.

“இவ்வளவு பெரிய தரவுக்கு எப்படி நகல் வைப்பது?” என்பது அடுத்துக் கேட்கப்படும் வாதம். 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜான் நகரிலுள்ள அரசுத் தரவு மையத்தில் பேட்டரிகளிலிருந்து தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் தம் பணிக் கோப்புகளைச் சேமித்துவந்த பொது இயக்ககத்தின் 858 டெராபைட் அதில் போயிற்று. மற்ற பல அமைப்புகளுக்கு வெளியே நகல் இருந்தது. இதற்கு மட்டும் இல்லை. காரணமாகச் சொல்லப்பட்டது அதன் பருமன். பெரிதாக இருப்பதால் நகல் வைக்கவில்லை, நகல் இல்லாததால் மொத்தமாகப் போயிற்று என்ற இந்த வட்டத்தைச் செல்வ நாடொன்றும் உடைக்கவில்லை என்பது நமக்கு ஆறுதல் ஆகாது. பெரியது என்றால் கூடுதல் கவனம் வேண்டும் என்பதே அதிலிருந்து கற்க வேண்டியது.

இனி நம் நாட்டு விதிகளுக்கு வருவோம். 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளில் 215ஆம் விதி நூலகங்களைப் பற்றியது. ஓராண்டில் எடுத்துப் படிக்கப்படும் ஆயிரம் நூல்களுக்கு ஐந்து நூல் காணாமற்போவதை அது இயல்பான இழப்பாக ஏற்கிறது. ஆனால் ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட ஒரு நூல் காணாமற்போனால் கட்டாயம் விசாரிக்க வேண்டும் என்கிறது. அரிய நூல் என்றால் விலை எதுவாயினும் விசாரணை உண்டு. நம் நூலகர்கள் இந்த விதிக்கு அஞ்சியே அலமாரிகளைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். அதே வளாகத்தில், இரண்டு கட்டடம் தள்ளி, வேறெங்கும் நகல் இல்லாத பல்லாயிரம் ஆவணப்படங்களை ஒருவர் தனியாக உட்கார்ந்து அழிக்கலாம். கேட்பாரில்லை.

1993ஆம் ஆண்டின் பொதுப் பதிவேடுகள் சட்டம், கணினியால் உருவாக்கப்பட்டவற்றையும் பதிவேடு என்றே வரையறுக்கிறது. விதித்த முறையில் அன்றி எந்தப் பொதுப் பதிவேட்டையும் அழிக்கக் கூடாது என்கிறது. மீறினால் ஐந்தாண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 1997இல் வந்த அதன் விதிகளின்படி, அழிக்கப்போகும் பதிவேடுகளின் பட்டியலைத் தயாரித்து அதை நிரந்தரமாகப் பாதுகாக்க வேண்டும். இது மத்திய அரசுக்கும் அதன் கீழுள்ள அமைப்புகளுக்குமான சட்டம். கர்நாடகம் 2010இல் தனக்கெனத் தனிச் சட்டம் இயற்றிக்கொண்டது. ஓர் ஆய்வு மாணவர் திண்ணையில் வைத்து ஸ்கேன் செய்த குடும்பப் புகைப்படம் சட்டத்தின் கண்ணில் பொதுப் பதிவேடு ஆகுமா என்பதை வழக்கறிஞர்கள் வாதிடட்டும். சட்டத்தின் உள்ளே இருக்கும் நெறி தெளிவாகவே இருக்கிறது. பொருள் போகலாம், அதன் பட்டியல் போகக் கூடாது. ஒரு குமாஸ்தா பழைய வருகைப் பதிவேட்டைக் கொளுத்துவதற்கு இருக்கும் ஒழுங்கு, ஒரு பல்கலைக்கழகம் தன் ஆய்வுச் செல்வத்தைத் துடைப்பதற்கு இல்லை.

எதிர்வாதங்களைப் புறந்தள்ள விரும்பவில்லை. மூன்று வாதங்களை நேர்மையாக எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்று: பொதுச் சேமிப்பகம் ஆவணக்காப்பகம் ஆகாது, அது தற்காலிக இடம். உண்மை. உலகெங்கும் மீக்கணினி மையங்கள் தற்காலிக இடத்தில் குறித்த நாளுக்கு மேல் தொடப்படாத கோப்புகளைத் தாமே நீக்குகின்றன. ஆனால் அந்த விதி, கணக்குத் தொடங்கும் நாளிலேயே பயனருக்குச் சொல்லப்படுகிறது. அங்கே யாரும் ஏமாறுவதில்லை. நம் துறைகளில் நிரந்தர இடம் என்று ஒன்று தரப்படுவதே இல்லை. முதல் நாள், “எல்லாவற்றையும் சர்வரில் போடுங்கள்” என்பார்கள். பத்தாண்டு கழித்து, “அது தற்காலிக இடம்தானே” என்பார்கள். குடியிருக்கச் சொல்லிவிட்டுப் பின்னர் ஆக்கிரமிப்பு என்று இடிக்கும் வழக்கம் மர்பி டவுன் மக்களுக்குப் பழக்கமானதுதான். பல்கலைக்கழகமும் அதைக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

இரண்டு: தன் தரவுக்குத் தானே பொறுப்பு. இதிலும் நியாயம் உண்டு. என்னிடம் வெளி வன்தட்டு ஒன்றுதான் இருந்தது, அது நிரம்பிற்று. உதவித்தொகை வராத மாதங்களில் இன்னொன்று வாங்குவதைத் தள்ளிப்போட்டேன். அதைவிடப் பெரிய தவறு, ஸ்கேன் செய்த படங்களின் ஒரு பிரதியை அந்தந்த வீட்டுக்கே திருப்பிக் கொடுக்காதது. பெரியம்மாவிடம் ஒரு அச்சுப்பிரதி இருந்திருந்தால் இந்தப் பதிவுக்கே தேவை வந்திராது. இந்தக் குற்றவுணர்வை மறைக்கவில்லை. ஆனால், பொறுப்பு பயனருடையது என்றால், அழிக்கப்போகிறோம் என்பதைப் பயனருக்குத் தெரிவிக்கும் பொறுப்பு யாருடையது? என் கைபேசி எண், வழிகாட்டியின் பெயர், பதிவு எண் எல்லாம் அவர்களிடம் இருந்தன. கட்டணம் கட்டாதபோது மட்டும் அந்த எண்ணுக்குத் தவறாமல் அழைப்பு வருகிறது.

மூன்று: தனியுரிமை. தனிமனிதர்களின் படங்களையும் அடையாளச் சீட்டுகளையும் காலவரையின்றி வைத்திருக்கலாமா? நல்ல கேள்வி. 2023ஆம் ஆண்டின் தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம், நோக்கம் நிறைவேறிய பின் தரவை நீக்கச் சொல்கிறது. அதே சட்டம் ஆய்வுக்கும் ஆவணக் காப்புக்கும் உரிய தரங்களோடு விலக்கும் அளிக்கிறது. மேலும், நீக்கச் சொல்லும் உரிமை படத்தில் இருப்பவருக்கு உரியது. அந்தக் குடும்பம் வைத்திருக்கச் சொன்னதை நிறுவனம் அழித்துவிட்டு, அவர்களின் தனியுரிமையைக் காத்தோம் என்று சொன்னால் அது கேலி.

இப்போது இந்தப் பதிவின் மையத்துக்கு வருகிறேன். அழிக்கும் கட்டளை எல்லாக் கோப்புகளையும் சமமாக நடத்துகிறது. இழப்பு சமமாக விழுவதில்லை.

அந்தக் கோப்புறையில் என் நண்பர் ஒருவரின் தொகுப்பும் இருந்தது. அச்சில் வந்து பல நூலகங்களில் கிடைக்கும் இலக்கண நூல்களின் மின்வடிவங்கள் அவை. அவர் ஒருநாள் வருந்தினார். மறுவாரமே பாதிக்கு மேல் மீண்டும் சேர்த்துவிட்டார். ஏனென்றால் அந்த நூல்கள் ஆயிரம் இடத்தில் இருக்கின்றன. மர்பி டவுன் தாள்கள் அப்படி இருப்பவை அல்ல. 1809இல் பெங்களூரில் பிரிட்டிஷ் படை பாசறை அமைத்தபின், அதன் சமையலறைகளுக்கும் குதிரை லாயங்களுக்கும் கட்டுமானங்களுக்கும் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அல்சூர் வட்டாரமெங்கும் வாழ்கிறார்கள். அவர்களைப் பற்றி ஆட்சியாளர் எழுதியவை ஆவணக்காப்பகங்களில் இருக்கின்றன. நோய், கழிவுநீர், வாடகை பாக்கி என்ற தலைப்புகளின் கீழ் அவர்களைத் தேடலாம். அவர்கள் தம்மைப் பற்றித் தாமே எழுதிக்கொண்டவை, அதாவது மன்ற ஆண்டுவிழா நோட்டீசு, இரவுப்பள்ளி வருகைத்தாள், திருமண வாழ்த்துமடல், சம்பளச் சீட்டின் பின்புறம் எழுதிய சீட்டுக்கணக்கு, இவை எந்தக் காப்பகத்திலும் இல்லை. தகரப்பெட்டிகளில் இருக்கின்றன. 1991 டிசம்பர் கலவரத்தின்போது ஊரை விட்டு ஓடியவர்கள் திரும்பி வந்து பெட்டியைக் காணாத கதைகளை நான் கேட்டிருக்கிறேன். மிஞ்சியவற்றைத்தான் ஸ்கேன் செய்தேன். அவற்றுக்கு மூலம் ஒன்று, நகல் ஒன்று. மூலத்தைத் தண்ணீர் கொண்டுபோனால் நகலே மூலம்.

ஒரே பிரதியில் தொங்கிக்கொண்டிருக்கும் வரலாறு நமக்குப் புதிதன்று. அயோத்திதாசப் பண்டிதர் 1907 முதல் 1914இல் தாம் மறையும்வரை நடத்திய ‘தமிழன்’ இதழைப் பெரிய நூலகங்கள் பேணிக் காக்கவில்லை. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் தம் வீட்டில் கட்டிக் காத்த பிரதிகள் இருந்ததால்தான், 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகள் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவர முடிந்தது. இன்று தமிழ் அறிவுலக வரலாற்றை அயோத்திதாசரை விட்டுவிட்டு யாராலும் எழுத முடியாது. அந்த வீடுகளில் ஒன்றில் யாரேனும், “பழைய பேப்பர்தானே, இடத்தை அடைக்கிறது” என்று எடைக்குப் போட்டிருந்தால்? என் துறை சொன்ன வாக்கியத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

நகல் என்பதன் அருமைக்குச் சான்று மர்பி டவுனிலிருந்து நடந்துபோகும் தொலைவிலேயே உண்டு. தொம்மலூர் சொக்கநாதசுவாமி கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. தொம்மலூருக்குத் தேசிமாணிக்கப்பட்டணம் என்று பெயர் வழங்கியது அவற்றாலேயே நமக்குத் தெரியும். பி. எல். ரைஸ் 1905இல் வெளியிட்ட ‘எபிகிராபியா கர்நாடிகா’ ஒன்பதாம் தொகுதி பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகளைப் பதிவு செய்தது. அதில் உள்ள கற்களுள் பல இன்று இருந்த இடத்தில் இல்லை. சாலையும் குடியிருப்பும் அவற்றை விழுங்கின. வாசகம் இருக்கிறது, காரணம், யாரோ ஒருவர் படியெடுத்து வைத்தார். கல்லே போய்விடும் ஊரில் வன்தட்டு நிலைக்கும் என்று நம்பிய என் பேதைமையை என்ன சொல்ல!

யாழ்ப்பாண நூலகத்தை இங்கே யாரும் இழுக்க வேண்டாம். 1981இல் அங்கே ஏறத்தாழ 97,000 நூல்களைத் தீயிட்டவர்களின் நோக்கம் அழிப்பதே. என் துறையில் யாருக்கும் அப்படி ஒரு பகையில்லை. எனக்கு நினைவுக்கு வருவது கரிவலம்வந்தநல்லூர். அங்கே கோயிலில் இருந்த ஏட்டுச்சுவடிகளைத் தேடிப்போன உ.வே. சாமிநாதையர், அவை பழுதாகிவிட்டன என்று ஆகம முறைப்படி நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டார்கள் என்பதைக் கேட்டு மனம் நொந்ததைத் தம் சுயசரிதையில் பதிந்திருக்கிறார். அதைச் செய்தவர்களிடம் கெட்ட எண்ணம் இல்லை. விதிப்படி, பயபக்தியோடு செய்தார்கள். எரிப்பதற்கு முன் அவை என்ன சுவடிகள் என்று பார்க்க யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவே. நம் சர்வர் அறைகளில் நடப்பது அந்த ஓமத்தின் தொடர்ச்சி. நெய் மட்டும் இல்லை.

ஆகவே, குறைகூறுவதோடு நிறுத்தாமல், என் துறைத்தலைவருக்கு எழுத்தில் கொடுத்திருக்கும் கோரிக்கைகளை இங்கேயும் வைக்கிறேன். எந்தத் துறையும் நாளையே செய்யக்கூடியவை இவை.

முதலாவது, பட்டியல். எந்தப் பெரிய கோப்புறையையும் அழிக்குமுன் அதிலுள்ள கோப்புகளின் பெயர், அளவு, தேதி, உரியவர் ஆகியவற்றைக் கணினியே எழுதித்தரும். ஒரு கோப்புக்கு இருநூறு எழுத்து என்று வைத்தாலும் பத்து லட்சம் கோப்புகளின் பட்டியல் இருநூறு மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். ஒரு திரைப்படத்தின் அளவுகூட இல்லை. அந்தப் பட்டியலை நிரந்தரமாக வைக்க வேண்டும்.

இரண்டாவது, இடைவெளி. ஒரே சேமிப்பகத்துக்குள் கோப்புறையின் பெயரை மாற்ற, அது எவ்வளவு பெரிதாக இருந்தாலும், நொடிதான் ஆகும். பெயரை மாற்றி, அணுகலை மூடி, தொண்ணூறு நாள் காத்திருங்கள். தேவைப்படுகிறவர் அலறிக்கொண்டு வருவார். இதனால் உடனே இடம் கிடைக்காது என்பது தெரியும். அவசரம் என்றால் மலிவான வன்தட்டுகளில் எடுத்து வையுங்கள். ஒரு தேசியக் கருத்தரங்குக்கு நாம் வாங்கும் பொன்னாடைகளும் நினைவுப்பரிசுகளும் நுழைவாயில் பதாகையும் சேர்ந்தால் அதற்கான பணம் தேறும்.

மூன்றாவது, ஒரு கேள்வி. “இதற்கு வேறு எங்கேனும் நகல் உண்டா?” என்று உரியவரையோ அவருடைய வழிகாட்டியையோ கேட்டு, பதிலை எழுத்தில் பெற வேண்டும். பதில் வரும்வரை அந்தக் கோப்புறை ஒதுக்கித்தான் வைக்கப்பட வேண்டும். மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளக் கூடாது.

நான்காவது, இரண்டு கையொப்பம். கணினி நிர்வாகி ஒருவர், பாடத்தை அறிந்த ஆசிரியர் ஒருவர். தனியொருவரின் தோளில் இந்தச் சுமையை ஏற்றுவது அந்த நிர்வாகிக்கும் அநீதி. ஒப்பந்த ஊதியத்தில் இருக்கும் அந்த இளைஞர் மேல் எனக்குக் கோபம் இல்லை. எது குப்பை, எது வரலாறு என்று தீர்ப்புச் சொல்லும் வேலையை அவரிடம் தள்ளிவிட்டு, “அது டெக்னிக்கல் விஷயம்” என்று கைகழுவிய பேராசிரியர்கள் மேல்தான் கோபம்.

ஐந்தாவது, அறிவிப்பு. போனது போயிற்று என்றால், எத்தனை போயிற்று, ஏன் போயிற்று என்று கியோட்டோவைப் போல வெளியே சொல்லுங்கள். இதற்குச் செலவே இல்லை.

ஆய்வு மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். களத்தரவு மூன்று பிரதியில் இருக்கட்டும். ஒன்று வேறு கட்டடத்தில் இருக்கட்டும். நான்காவது பிரதி, அச்சிட்டோ பென்டிரைவிலோ, அதைக் கொடுத்த வீட்டுக்கே போகட்டும். ஒப்புதல் படிவத்தில் அவர்களிடம் கையெழுத்து வாங்குகிறோம். “பாதுகாப்பாக வைத்திருப்போம்” என்று அதில் ஒரு வரி இருக்கிறது. அந்த வரிக்குக் கையெழுத்திட்டது நாம் என்பதை மறக்க வேண்டாம்.

சென்ற ஞாயிறு பெரியம்மா வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. சிறிது நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அந்தப் படத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பையன்களில் ஒருவர் இப்போது கோலார் தங்கவயலில் மகளோடு இருப்பதாகவும், அவரிடம் ஒருவேளை இன்னொரு பிரதி இருக்கலாம் என்றும் சொன்னார். முகவரி தெரியாது, யாரைக் கேட்டால் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். வரும் வாரம் போகிறேன். இம்முறை இரண்டு வன்தட்டுகள் எடுத்துப்போகிறேன்.

கோரிக்கைக் கடிதத்துக்குப் பதில் வந்ததும் அதையும் இங்கே எழுதுவேன். அதுவரை, உங்கள் துறையின் சர்வரில் என்ன இருக்கிறது என்று திங்கட்கிழமை காலை ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.